முனையில் நின்ற வண்டி

சிவமயம்

காஞ்சிபுரம்
12-9-1971

அன்புள்ள இந்திராணிக்கு,

தில்லையம்மாள் எழுதுகிறேன். ஏழாம் வகுப்பில் உன் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள். பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்பேன், வாயில் சொல் வராது, உன் கையைக் கிள்ளுவேன். "இருக்கா டீச்சர்" என்று நீதான் எனக்காகச் சொல்வாய். ஞாபகம் இருக்கிறதா?

உன் முகவரியைக் கந்தனிடம் கேட்டு வாங்கினேன். அவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். மாடுகளை அந்த வருஷமே விற்றுவிட்டாராம். நீங்கள் தென்னேரியில் உன் தாய்மாமன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

எங்கள் தெருவுக்குத் தார் போடப் போகிறார்கள். நகராட்சியிலிருந்து தண்டோரா போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தெரு இரண்டாகிவிட்டது. சைக்கிள் கடை வேணுகோபாலும் கீழண்டைப் பக்கத்து வீடுகளும் தார் வேண்டும் என்கிறார்கள். அப்பாவும் தறி வைத்திருக்கும் மற்றவர்களும் கூடாது என்கிறார்கள். கமிஷனருக்கு அப்பா ஒரு மனு எழுதியிருக்கிறார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைப் படியெடுக்கச் சொன்னார்.

மனு இப்படிப் போகிறது: "பட்டுப் புடவைக்கான நீள இழைகளை, அதாவது பாவை, விடியற்காலையில் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து உலர்த்தாமல் தறியில் ஏற்ற இயலாது. வீட்டுக்குள் அதற்கு நீளம் போதாது. தார் போட்டால் முளை அடிக்க வழியில்லை. வெயிலில் இளகும் தார் பட்டில் ஒட்டினால் புடவையே பாழ்." இதுவரை எழுதிவிட்டேன். அடுத்த வரி: "தெருவில் பாவு நீட்டுவதால் இந்நாள்வரை எவருக்கும் எந்த இடையூறும் நேர்ந்ததில்லை."

இந்த வரியில் பேனா நின்றுவிட்டது. மூன்று நாளாக நின்றிருக்கிறது. மை உறைந்துவிட்டது என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். பைத்தியம் என்று நினைக்காதே. பாவு நீட்டுகிற நாட்களில் மட்டும், நாங்கள் முளை அடிப்பதற்கு முன்னால், மேற்கு முனையிலிருந்து ஒரு வண்டி வருகிறது. சரளைக் கல்லில் சக்கரம் அரைபடுவது கேட்கிறது. ஒரு மாட்டுக்கு மட்டும் சலங்கை கட்டியிருப்பதுபோல் சத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறது. முனைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. நின்ற பிறகும் ஒரு கல் மட்டும் உருண்டு அடங்கும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

கந்தன் வண்டியில் இடது மாட்டுக்குச் சலங்கை கிடையாது அல்லவா? அதைக் கேட்கத்தான் எழுதினேன். வேறொன்றும் எழுதவேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், நீ பதில் போட்டால்.

தில்லையம்மாள்

*

தென்னேரி
21-9-1971

தில்லைக்கு,

கடிதம் வந்தது. நாலரை வருஷம் கழித்து.

என் அக்கா செத்த பதினாறாம் நாள் முடிந்து நான் பள்ளிக்கூடம் வந்தேன். ஜன்னலோரம் காலியாக இருந்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனது. தில்லை நின்றுவிட்டாள், தறியில் உட்காருகிறாள் என்றார்கள். உன் வீட்டுக்கு வந்தேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது, நான் கூப்பிட்டதும் நின்றது. உன் அம்மா வெளியே வந்து, "தில்லை தூங்குதும்மா" என்றார்கள். தூங்குகிறவளா தறி மிதித்தாள்? அன்றைக்குத் திரும்பினவள்தான். அடுத்த மாதமே நாங்கள் ஊருக்கு மேற்கே இருந்த தோட்டத்து வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டோம்.

எனக்கும் படிப்பு போனது. அக்கா விட்டுப்போன குழந்தையை யார் வளர்ப்பது? பெண் குழந்தை. அம்மா அவளுக்கு அலமு என்றே பெயர் வைத்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு ஊட்டுகிறேன். உனக்கு ஒரு சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, கூப்பிட்டால் ஓடி வருகிறது.

ஆமாம், இடது மாட்டுக்குச் சலங்கை இல்லை. தாமல் சந்தையில் அறுந்து விழுந்தது, கந்தன் மாற்றவே இல்லை. அதற்கென்ன?

உங்கள் தெருவுக்குத் தார் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? அந்தத் தெருவின் பெயரையே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. வேறொன்று எழுதவேண்டும் என்றால் எழுது. சுற்றி வளைக்காதே.

இந்திராணி

*

சிவமயம்

காஞ்சிபுரம்
3-10-1971

அன்புள்ள இந்திராணிக்கு,

நீ கோபமாக எழுதியதே எனக்குப் போதும். எழுதாமல் இருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிறு பிள்ளையார் கோயிலில் தெருக் கூட்டம் நடந்தது. பெண்கள் தூணுக்குப் பின்னால் நின்றோம்.

வேணுகோபால்தான் ஆரம்பித்தார். "எங்கடைக்கு வர்ற சைக்கிள்ல பாதி இந்தத் தெரு சரளையாலதாம்பா பஞ்சர் ஆவுது. தார் போட்டா எனக்குத்தான் பொழப்பு கெடும். அப்படியும் வேணும்னு கேக்கறேன் பாரு, நான் இன்னா மாதிரி மனுஷன்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. "தார்ல முளை எறங்குமா வேணு? பஸ்ஸும் லாரியும் வந்துக்கினு இருக்கும். பாவை எங்க நீட்டுவே, உன் கடைக்குள்ளயா?"

"நீட்டிக்கோயேன். பஞ்சர் தொட்டியில கஞ்சி கரைச்சு வெச்சிடறேன்."

"விளையாட்டுப் பேச்சு இல்ல இது. தெருவுதான் எங்க தறியில பாதி."

அப்போது அங்கம்மாள் அக்கா தூணுக்குப் பின்னால் இருந்தபடியே, "பாவு நீட்டின நேரத்துல ஒரு ஆபத்து அவசரம்னா இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

யாரோ, "எத்தினி வருஷமா நீட்றோம். யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். உடனே சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாரும் ஒரே ஆளை நினைத்தது எனக்குத் தெரிந்தது. ஒரு பெரியவர் மட்டும், "தோட்டத்துப் பொண்ணு போச்சே, அது ஏரிக்கரை வழியாப் போய் வண்டியிலயே முடிஞ்சது. நம்ம தெருவுக்கு வரவே இல்லையே" என்றார். அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

இந்திராணி, வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது.

உனக்குத் தெரியும், பாவு நீட்டுகிற அன்று தெரு முனையில் ஒரு பிள்ளையை நிறுத்துவார்கள். வண்டி வந்தால், "பாவு நிக்குது, சுத்திப் போங்க" என்று சொல்லவேண்டும். வண்டிக்காரர்கள் வைதுகொண்டே திருப்புவார்கள். அந்த வேலையை என்னிடம் கொடுத்தது அப்பாதான். நாலு பேரிடம் பேசிப் பழகட்டும் என்று. அன்று பங்குனி மாதம். கஞ்சி தெளித்து இழை ஈரமாக இருந்தது. மேற்கு முனையில் நான் நின்றேன். கந்தன் வண்டியை நிறுத்தி, "பெரியாஸ்பத்திரிக்குப் போவணும், வழி விடச் சொல்லும்மா" என்றார். நான் ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டேன். அப்பா நிமிரவில்லை. "ஏரிக்கரையாப் போவச் சொல்லு" என்றார். திரும்பி வந்து அப்படியே சொன்னேன். வண்டி திரும்பியது.

மறுநாள் சேதி வந்தது. அன்று மாலை அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முனைக்கு வண்டி வந்ததை யாராண்டயும் சொல்லாத. கேட்டாலும் சொல்லாத" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

நேற்றும் பாவு நீட்டினோம். நேற்றும் வண்டி வந்து நின்றது.

தில்லையம்மாள்

*

தென்னேரி
11-10-1971

தில்லையம்மாளுக்கு,

நீ எழுதியது எனக்குப் புதிது இல்லை. யார் நின்றது என்பதுதான் புதிது.

ஒரு பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து ஏரிக்கரை வழியாகப் போகச் சொன்னதாகக் கந்தன் சொல்லியிருக்கிறார். அது நீ என்று அம்மா இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நான் அன்று வீட்டில் இருந்தேன். வெந்நீர்த் தவலை ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம்வரை அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அம்மா என்ன சொல்வாள் தெரியுமா? "வலியில துடிக்கறான்னு சொல்லி அனுப்பினோம். தெரிஞ்சிக்கினே தொரத்தினானுங்க. மனுஷி உசுரைவிட நூலு பெருசாப் போச்சு." இதைச் சொல்லாமல் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. அந்த வழியில் மதகுக்குப் பக்கத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, மாட்டை அவிழ்த்து, ஆள் கூப்பிட்டுத் தூக்குவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அக்கா அடங்கிவிட்டாள்.

உன் அப்பா எழுதியிருக்கிறாரே, எவருக்கும் இடையூறு இல்லை என்று. நன்றாக எழுது, முத்து முத்தாக எழுது. உன் கையெழுத்துக்குக் கமிஷனர் தலையாட்டுவார்.

தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யார் என்று கேட்பாய். என் அக்கா புருஷன்தான். குழந்தைக்காக. அவர் கெட்டவர் இல்லை. என்னைப் பார்க்கும்போது சில சமயம் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு வெளியே போய் நின்றுகொள்வார். அவ்வளவுதான்.

இனி எழுதாதே.

இந்திராணி

*

சிவமயம்

காஞ்சிபுரம்
30-10-1971

அன்புள்ள இந்திராணிக்கு,

எழுதாதே என்றாய். இதை எழுதாவிட்டால் நான் போன கடிதத்தில் எழுதியது பொய்யாகிவிடும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

"தெரிந்தே துரத்தினார்கள்" என்று உன் அம்மா சொல்வதாக எழுதியிருந்தாய். தெரிந்து துரத்தவில்லை. என் அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

கந்தன் பேசிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் தொங்கவிட்டிருந்த சாக்கை யாரோ விலக்கினார்கள். அலமு அக்கா. நெற்றியெல்லாம் வியர்வை. முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "தில்லையா? நீயா நிக்கிற?" என்றார்கள். பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து, "பயப்படாத கண்ணு. எனக்கு வலி எடுத்துட்டுதுன்னு போய்ச் சொல்லு" என்றார்கள்.

நான் ஓடினேன். பாவுக்கு இரண்டு பக்கமும் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டுப் பேரோ பத்துப் பேரோ. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அட, தணிகாசலம் பொண்ணு வாயைத் தொறக்கப் போவுது, எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்று கேலி செய்தார். எனக்கு அந்தச் சொல் வரவில்லை, இந்திராணி. வலி எடுத்துவிட்டது என்று அத்தனை ஆண்கள் நடுவில் சொல்ல வரவில்லை. "வண்டி வந்திருக்குதுப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பா எந்த வண்டிக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் காதருகே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் திரும்பி நடந்தேன். வழியெல்லாம், போய்ச் சொல், போய்ச் சொல் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. முனைக்கு வந்து, "ஏரிக்கரையாப் போவச் சொன்னாங்க" என்றேன். உள்ளே அக்கா பக்கத்தில் இருந்த உன் அம்மா சாக்கை இழுத்து மூடினார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கேட்டுவிட்டுத்தான் விரட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் இறங்கி வந்து கேட்கவில்லை. பாவை ஓரமாக நகர்த்தியிருக்கலாம். அதைத் தாங்கும் ஒவ்வொரு மூங்கில் காலையும் ஒருவர் பிடித்துத் தூக்கி, சுவரோரமாக வைத்தால் வண்டிக்கு வழி வரும். இழை அறும், சிக்கும். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்யலாம். யாரும் அதுவரை செய்ததில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பார்கள்.

அப்பா தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நாலரை வருஷம்.

அவருக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது. இதை இந்த மாதம்தான் கண்டுபிடித்தேன். மழைக்கு நடுவில் ஒரு நாள் வெளுத்தது, பாவு நீட்டினோம். சலங்கை கேட்டதும் நான் எழுந்து கதவைத் திறந்தேன். அப்பா எனக்கு முன்னால் முனையில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. மாட்டுக்கு வைப்பதுபோலக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாளியைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்க்காமலே உள்ளே போனார்.

மனு இன்னும் அந்த வரியில்தான் நிற்கிறது. அப்பாவும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

தில்லை

*

சிவமயம்

காஞ்சிபுரம்
2-12-1971

இந்திராணிக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரியும். இது நடந்ததை உனக்குச் சொல்வதற்காக மட்டும்.

போன வாரம் ஓவர்சியர் தெருவை அளக்க வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாளே தறிக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டார்கள். அன்று விடியற்காலையில் ஒரு பாவு இல்லை, நாலு பாவு. ஒன்றன் பின் ஒன்றாகத் தெரு முழுவதும் நீட்டிவிட்டார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கடைசியில் எங்கள் வீட்டு வெள்ளை. "வரட்டும், எப்படிச் சங்கிலி இழுத்து அளக்கறான் பார்க்கலாம்" என்று சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்து, "சின்னப் பசங்கள்லாம் பள்ளிக்கூடம் போயிடும். நீ போய் முனையில நில்லும்மா" என்றார். அந்த நாளுக்குப் பிறகு நான் முனையில் நின்றதே இல்லை. அது அவருக்குத் தெரியும். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஜீப் வந்தது. முனையில் நின்றது. நின்ற பிறகு ஒரு கல் உருண்டது.

ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, தெருவையே நெய்யறீங்களா? வேற வழி இருக்குதா?"

ஏரிக்கரை வழி என்று என் வாய்க்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். "இருங்க, கேட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஓடவில்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேணுகோபாலும் கடையைத் திறக்காமல் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "இன்னாவாம்?" என்றார் அப்பா.

"ஜீப்பு வந்திருக்குதுப்பா" என்றேன். அப்புறம் நிற்கவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான் வந்தது. வண்டி நம்ம முனைக்குத்தான் வந்தது. உள்ள அலமு அக்கா இருந்தாங்க. வலி எடுத்துட்டுது, போய்ச் சொல்லுன்னாங்க. நான் உங்களாண்ட சொல்லலை. வண்டி வந்திருக்குதுன்னு மட்டும் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான்தான்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கஞ்சிச் சட்டியைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்தார். அங்கம்மாள் அக்கா, "அடிப் பாவி" என்றாள். பிறகு உடனே, "பன்னெண்டு வயசுப் பொண்ணைப் போயி..." என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "சொல்லியிருந்தா என் காதுல விழுந்திருக்காதா? நீ பேசாத பொண்ணு. பேசாத பொண்ணு ஓடி வந்து மூச்சு வாங்கிக்கினு நிக்குது. நிமிந்து உன் மூஞ்சியைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாரு வண்டியில, இன்னா விஷயம்னு ஒரு வார்த்தை நான் கேக்கலை. அதான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னை ஊரு பேசக் கூடாதுன்னுதான் வாயை மூடச் சொன்னேன். எனக்காகன்னு நெனச்சிட்டியா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், இந்திராணி.

அப்பா வெள்ளைப் பாவின் நடுக்காலைப் பிடித்தார். "கயித்தைத் தளத்துங்கப்பா. ஓரமா வைப்போம்" என்றார். யாரும் அசையவில்லை. இழை இன்னும் ஈரமாக இருந்தது. வேணுகோபால்தான் முதலில் வந்தார். "பஞ்சர் ஒட்ற கைதான், அழுக்கா இருக்கும். பரவாயில்லையா தணிகாசலம்?" என்றார். அப்பா தன் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மூங்கிலைப் பிடித்தார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். தார் வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள், பெண்கள் எல்லாரும். நாலு பாவும் ஒவ்வொரு அடியாக நகர்ந்து வடக்குச் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. நான் கடைசிக் காலைப் பிடித்திருந்தேன். எங்கள் பாவில் மட்டும் நாற்பது இழைக்கு மேல் அறுந்தது.

ஜீப் தெருவில் மெல்லப் போனது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜீப்புக்கு முன்னால், வேறொரு வண்டி போவதுபோல், காலியாக இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கம்மாள் அக்கா கும்பிட்டாள்.

மறுநாள் அப்பா மனுவைக் கேட்டார். அந்த வரியை அவரே அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். "தெருவுக்குத் தார் போடலாம். வடக்கு ஓரமாக ஐந்தடி அகலத்துக்கு மண்ணாகவே விடவேண்டும். பாவை அங்கே நீட்டிக்கொள்கிறோம். வண்டிக்கு எப்போதும் வழி இருக்கவேண்டும். 1967-ஆம் வருஷம் பங்குனி மாதம் இவ்வழியாகப் பிரசவத்துக்குப் போன அலமு என்ற பெண்ணுக்கு வழி கிடைக்காமல் போனது. அதற்கு இத்தெருவே பொறுப்பு." நான் தடங்கலில்லாமல் எழுதினேன். வேணுகோபால் முதல் கையெழுத்துப் போட்டார், அப்பா இரண்டாவது. பெண்கள் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. கடைசியில் என் பெயரையும் எழுதினேன். யாரும் அதை அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை பாவு நீட்டினோம். முதல் நாள் சத்தமே வரவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முளை அடிக்கவும் மனம் வராமல் முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவும் நின்றார்.

இரண்டாவது முறை வந்தது. அதே ஒற்றைச் சலங்கைதான். முனைக்கு வந்து, நிற்கவில்லை. தெருவுக்குள் நுழைந்தது. வடக்கு ஓரத்தை விட்டுவிட்டு, வேணுகோபால் கடையைத் தாண்டி, எங்கள் வாசலைத் தாண்டி, மெதுவாகப் போனது. நானும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம். பெரியாஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிறவரை கேட்டது.

தில்லையம்மாள்

*

தென்னேரி
14-12-1971

தில்லைக்கு,

அக்டோபரில் நீ எழுதிய கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். இப்போது வந்ததையும் சேர்த்து நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

முதலில் கேட்கமாட்டேன் என்று முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். நீ உள்ளே போய்ச் சொல்லவில்லை என்கிற இடம் வந்ததும், "திரும்பப் படி" என்றாள். திரும்பப் படித்தேன். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னாள்.

"அப்ப அவனுங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதாம், அம்மா."

முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் நாலரை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்ததை நீ பிடுங்கிவிட்டாய், தில்லை. அதற்குப் பதிலாக ஒன்றும் கொடுக்கவில்லை. விளக்கு ஏற்றினபிறகு தானாகவே சொன்னாள். வண்டி திரும்பினதும் அவள் உன்னைத் திட்டினாளாம். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டாதம்மா, அது பயந்த பொண்ணு. சொல்லியிருக்காது" என்றாளாம். அம்மா அதை நம்பவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை என்று இன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வலியில் முடியவில்லையோ, இன்னொரு முறை கேட்கக் கூச்சமோ. உன்னைப்போல.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் அது எனக்காக யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் இருக்கும். குழந்தைக்கு நாலே முக்கால் வயதாகப் போகிறது. ஒரு நாள் கேட்பாள். நீதான் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன்.

மார்கழி கடைசியில் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறோம். கடைக்குப் போகவில்லை. உங்கள் வீட்டில் எடுக்கலாம் என்று அம்மாவே சொன்னாள். ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்த நாற்பது இழை அறுந்த வெள்ளைப் பாவில் நெய்த புடவை இன்னும் விலைக்குப் போகாமல் இருந்தால் அதைத்தான் எடுப்பேன் என்று உன் அப்பாவிடம் சொல். கல்யாணத்துக்கு வெள்ளையா என்று கேட்டாலும், முடிச்சு தெரிந்தாலும் பரவாயில்லை.

வாலாஜாபாத்தில் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் இறங்கி மாட்டு வண்டியில்தான் வருவோம். கந்தனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம், வண்டி இரவல் வாங்கி வருவார். மேற்கு முனை வழியாக வருகிறோம். ஏரிக்கரையில் இனி நான் காலெடுத்து வைக்கமாட்டேன்.

விடிந்தவுடன் வந்துவிடுவோம். பாவு நீட்டியிருந்தால் முனையில் நிற்கிறோம். நீ வந்து சாக்கை விலக்கிப் பார். நான் இருப்பேன், அம்மா இருப்பாள், அலமு இருப்பாள். யார் வந்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்ச் சொல்லு.

இந்திராணி